பள்ளியை விட்டவர்களுக்குக் கட்டடத் தொழில்: யூத்பில்ட் திட்டத்தின் பணக்கணக்கு

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியை முடிக்காமலே வெளியேறுபவர்களின் விகிதம் கடந்த பதினைந்து ஆண்டுகளில் நன்றாகவே குறைந்திருக்கிறது. 16 முதல் 24 வயது வரையிலானோரில், பள்ளியிலும் பெயர் இல்லாமல், படிப்பை முடித்ததற்கான சான்றிதழும் இல்லாமல் இருந்தவர்கள் 2010இல் நூற்றுக்கு எட்டுப் பேருக்குச் சற்று மேல். 2022இல் நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்று மேல். விகிதம் இப்படி இறங்கியிருந்தாலும், தலைகளாக எண்ணினால் இன்னும் ஏறத்தாழ 20 லட்சம் இளைஞர்கள் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். இவர்களைப் படிப்புக்கும் வேலைக்கும் மீட்டுக் கொண்டுவர அங்கே நடந்துவரும் முயற்சிகளில், கட்டடத் தொழிலைக் கற்பித்துக்கொண்டே பள்ளிச் சான்றிதழையும் பெறவைக்கும் வழிமுறைக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. யூத்பில்ட் என்ற பெயரில் நாடு முழுவதும் பரவிய அந்தத் திட்டத்துக்குக் கூட்டாட்சி அரசு கொடுக்கும் பணம் தகுமா, தகாதா என்ற விவாதம் ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்தின்போதும் எழுகிறது. அந்த விவாதத்தில் பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி, போட்ட பணத்துக்குச் சம்பளம் எவ்வளவு உயர்ந்தது என்பதுதான். இந்தத் திட்டம் உண்மையில் பாதியில் நின்ற பள்ளிப் படிப்பின் தொடர்ச்சி. அதைச் சில மாதத் தொழிற்பயிற்சியாக மட்டும் பாவித்து நிதி கொடுப்பதிலும் அளந்து பார்ப்பதிலும்தான் கோளாறு தொடங்குகிறது என்பது என் கருத்து.

திட்டம் பிறந்த இடம் நியூயார்க் நகரத்தின் கிழக்கு ஹார்லெம். 1970களில் அந்தப் பகுதியில் வீட்டு உரிமையாளர்கள் கைவிட்டுப் போன அடுக்குமாடிக் கட்டடங்கள் தெருத்தெருவாகப் பாழடைந்து கிடந்தன; அதே தெருக்களில் வீடில்லாத குடும்பங்களும், பள்ளியையும் வேலையையும் இழந்த இளைஞர்களும் இருந்தார்கள். அங்கே ஆசிரியராகவும் சமூக அமைப்பாளராகவும் இருந்த டோரத்தி ஸ்டோன்மன், 1978இல் அந்தப் பிள்ளைகளிடம், பெரியவர்கள் துணைக்கு வந்தால் உங்கள் பகுதிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். இடிந்து கிடக்கும் வீடுகளைச் செப்பனிட்டு, வீடில்லாதவர்களைக் குடிவைப்போம் என்பது அவர்கள் சொன்ன பதில்களில் ஒன்று. ஒரு கட்டடத்தை எடுத்துப் புதுப்பித்தார்கள். பிறகு 1980களில் நகர நிர்வாகத்திடம் போராடிப் பொதுப்பணம் பெற்று, நியூயார்க்கின் பிற பகுதிகளுக்கும் கொண்டுபோனார்கள். 1990இல் யூத்பில்ட் யுஎஸ்ஏ என்ற தேசிய அமைப்பு உருவானது. மாசசூசெட்ஸ் செனட்டராக இருந்த ஜான் கெரியும், புரூக்ளினிலிருந்து தேர்வான மேஜர் ஓவன்ஸும் நாடாளுமன்றத்தில் முன்னெடுத்ததன் விளைவாக, 1992இல் வீட்டுவசதிச் சட்டத்தின் ஒரு பகுதியாக இது இடம்பெற்றது. சட்டத்தில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மூத்த ஜார்ஜ் புஷ். இரண்டு கட்சிகளின் ஆதரவும் தொடக்கத்திலிருந்தே இருந்ததை இங்கே குறித்துக்கொள்வது நல்லது. பின்னாளில் வெட்டுக்களிலிருந்து திட்டம் தப்பியதற்கு அது பெரிய காரணம்.

முதலில் பணம் வந்தது வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறையிலிருந்து. 2006இல் நிறைவேறிய தனிச் சட்டம் ஒன்று திட்டத்தைத் தொழிலாளர் துறைக்கு மாற்றியது. நிர்வாக வசதிக்காகச் செய்த இடமாற்றம்போல் இது தோன்றினாலும், திட்டத்தின் இயல்பையே இது மெல்ல மாற்றிவிட்டது. வீட்டுவசதித் துறையின் கையில் இருந்தவரை, எத்தனை குடும்பங்களுக்கு வீடு தயாரானது என்பதும் ஒரு கேள்வியாக இருந்தது. தொழிலாளர் துறைக்கு வந்தபின், பயிற்சி முடித்தவர் வேலையில் சேர்ந்தாரா, சான்றிதழ் பெற்றாரா, எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பவையே அளவுகோல்கள் ஆயின. 2014இல் வந்த தொழிலாளர் புத்தாக்க, வாய்ப்புச் சட்டத்தின் கீழ்தான் இன்றைக்குத் திட்டம் நடக்கிறது.

திட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் செலவின் காரணம் புரியும். 16 முதல் 24 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். பள்ளியிலிருந்து இடைநின்றவராக இருப்பதோடு, ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவர், அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர், சட்டத்தின் பிடியில் சிக்கியவர், உடற்குறை உள்ளவர், சிறையிலிருக்கும் பெற்றோரின் பிள்ளை என்பன போன்ற நிலைமைகளில் ஒன்றும் இருக்க வேண்டும். பயிற்சிக் காலம் ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு வரை. அந்த நேரத்தில் குறைந்தது பாதி கல்விக்கும், குறைந்தது 40 விழுக்காடு வேலைப் பயிற்சிக்கும் போக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பல இடங்களில் ஒரு வாரம் வகுப்பறை, மறுவாரம் கட்டட வேலையிடம் என்று மாறிமாறி நடக்கும். வேலையிடத்தில் செலவிடும் நேரத்துக்கு ஓர் உதவித்தொகை உண்டு.

கட்டடவேலை என்றதும் நமக்குச் செங்கல்லும் சிமெண்டும் கொத்தனாரும்தான் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்காவில் சாதாரணக் குடும்ப வீடு பெரும்பாலும் மரச்சட்டத்தில் எழுவது. ஆகவே பயிற்சியின் அடிப்படை தச்சு. ஒரு சுவரைச் சட்டமிடும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். நிற்கும் மரச்சட்டங்களை நடுவுக்கு நடு 16 அங்குலத்தில் வைப்பது வழக்கம். மேலே அறையும் பலகை 48 அங்குல அகலம் என்பதால், அதன் விளிம்பு சரியாக ஒரு சட்டத்தின் நடுவில் வந்து உட்காரும். 12 அடிச் சுவர் என்றால் 144 அங்குலம்; 16ஆல் வகுத்தால் 9; ஆனால் வேண்டிய சட்டங்கள் 10, ஏனென்றால் இரு முனைகளிலும் ஒவ்வொன்று நிற்க வேண்டும். இரண்டுக்கு நாலு என்று பெயர் சொல்லி விற்கும் மரத்தின் உண்மை அளவு ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். எனவே அடுத்த சட்டத்தின் நடு 16இல் வர வேண்டுமானால், அதன் விளிம்புக் கோட்டை 16இலிருந்து முக்கால் கழித்து, பதினைந்தேகால் அங்குலத்தில் போட வேண்டும். பள்ளியில் பின்னக் கணக்கில் தோற்றுத் தோற்று வெறுத்துப்போன ஒருவர் இந்தக் கால், முக்காலை டேப்பில் பிடித்துப் பார்த்துப் போடும்போது, அது தவறினால் பலகை பொருந்தாது என்பதைத் தன் கண்ணாலேயே காண்கிறார். நம் ஊர் மேஸ்திரிகள் மூலைமட்டம் பார்க்க மூன்று, நான்கு, ஐந்து என்று கயிறு பிடிப்பதும் இதே வகைக் கணக்குதான். கல்வியையும் தொழிலையும் ஒரே கூரையின் கீழ் வைத்ததற்கான காரணம் இந்த இடத்தில் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் இப்படிக் கற்றுக்கொடுப்பது மலிவான காரியம் அல்ல. 18 வயது நிரம்பாதவர்களைக் கட்டட வேலையில் ஈடுபடுத்தக் கூட்டாட்சிச் சட்டம் பல கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறது. கூரைமேல் வேலை, பள்ளம் தோண்டும் வேலை, மின்விசையால் ஓடும் வட்டரம்பம் ஆகியவை ஆபத்தான பணிகளின் பட்டியலில் உள்ளவை. தொழில்பழகுநர், மாணவப் பயிலுநர் என்று எழுத்துமூலம் ஒப்பந்தம் போட்டு, நேரடிக் கண்காணிப்பில் இடையிடையே மட்டும் செய்தால்தான் விதிவிலக்கு. அப்படியென்றால் ஒரு மேற்பார்வையாளரிடம் ஐந்தாறு பேருக்கு மேல் ஒப்படைத்து நிம்மதியாக இருக்க முடியாது. அந்த மேற்பார்வையாளரும் தொழில் தெரிந்த தச்சராகவும், பதினேழு வயதுக்காரரின் கோபத்தைத் தாங்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குத் தனியார் ஒப்பந்தக்காரர் கொடுக்கும் ஊதியத்துக்கு நிகராகத் தொண்டு நிறுவனத்தால் கொடுக்க இயலாது. இதற்கு மேல் ஆசிரியர், ஆலோசகர், வேலை தேடித்தருபவர், காப்பீடு, வண்டி, பாதுகாப்புத் தலைக்கவசம், ஓஷா என்ற பணியிடப் பாதுகாப்பு அமைப்பின் பத்து மணிநேரப் பயிற்சிக்கான கட்டணம் என்று செலவு நீள்கிறது.

இந்தச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? தொழிலாளர் துறை போட்டி முறையில் மானியம் வழங்குகிறது. மானியத் தொகையில் கால் பங்குக்கு நிகரான பணத்தை, கூட்டாட்சி அரசு அல்லாத வேறு மூலத்திலிருந்து நிறுவனமே திரட்டிக் காட்ட வேண்டும். மானியக் காலம் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல். அதில் தொடக்கத் தயாரிப்புக்குச் சில மாதம், இறுதியில் பயிற்சி முடித்தவர்களைப் பின்தொடர ஓராண்டு போனால், ஆள் சேர்த்துப் பயிற்சி நடத்த மிஞ்சுவது இரண்டு ஆண்டுகள். அடுத்த மானியம் கிடைக்குமா என்பது உறுதியில்லை. கிடைக்காவிட்டால், அத்தனை கஷ்டப்பட்டுப் பிடித்துவைத்த தச்சரும் ஆலோசகரும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்; மறுபடி மானியம் கிடைக்கும்போது முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பள்ளி என்றால் இப்படி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அது இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. பள்ளியால் ஒருமுறை கைவிடப்பட்ட பிள்ளைக்கு, இரண்டாவதாக நம்பி வந்த இடமும் கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதை யோசித்தால், இந்த நிதிமுறையின் கொடுமை விளங்கும்.

மானியம் ஏறி இறங்கிய விதமும் அப்படித்தான். 2009இல் வழக்கமான ஒதுக்கீடு 7 கோடி டாலர். பொருளாதார மீட்புச் சட்டத்தின்கீழ் கூடுதலாக 5 கோடி. 2010இல் 10.25 கோடி. அடுத்த ஆண்டே ஏறக்குறைய 8 கோடிக்கு இறங்கியது. 2016இல் 8.45 கோடி, 2023இல் 10.5 கோடி. அதாவது 2010இல் தொட்ட இடத்தை மீண்டும் தொடப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின, அதுவும் விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் எடுக்காமல். நிறுவனங்கள் திரட்டும் கால் பங்கையும் சேர்த்து 13 கோடிச் சொச்சம் என்று வைத்துக்கொண்டு, ஒருவருக்கு ஆகும் செலவால் வகுத்தால், ஆண்டுக்குச் சில ஆயிரம் பேருக்குத்தான் இடம். இருபது லட்சம் பேர் கொண்ட தேவைக்கு முன்னால் இது மிகச் சிறிய எண்.

மானியத்துக்கு வெளியே இருக்கும் ஓட்டைகளை நிறுவனங்கள் பலவற்றை இணைத்து அடைக்கின்றன. அமெரிகார்ப்ஸ் என்ற தேசியத் தொண்டுத் திட்டத்தில் இளைஞர்களைப் பதிவுசெய்தால், குறிப்பிட்ட மணிநேரம் சமூகப் பணி முடித்தவருக்குக் கல்லூரிக் கட்டணத்துக்கான தொகை கிடைக்கும். ஏழைக் குடும்பத்துக்கு வீடு கட்டுவது சமூகப் பணியாகக் கொள்ளப்படுகிறது. கட்டும் வீட்டுக்கான நிலமும் மரமும் கூரையும் பெரும்பாலும் வீட்டுவசதித் திட்டங்களிலிருந்தோ, ஹாபிடாட் போன்ற தொண்டு அமைப்புகளின் கூட்டிலிருந்தோ வர வேண்டும். வீட்டுவசதித் துறையின் பணத்தில் நடக்கும் கட்டுமானங்களில் உள்ளூர் ஏழைகளுக்கு வேலை தர வேண்டும் என்று 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்கிறது. 2020இல் திருத்திய விதிகளின்படி, யூத்பில்டில் பயிற்சி பெறுபவர்களும் அந்தப் பிரிவின் கீழ்த் தொழிலாளர்களாக எண்ணப்படுகிறார்கள். மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்கள் தங்கள் வரவுசெலவுத் திட்டத்திலேயே யூத்பில்டுக்குத் தனி ஒதுக்கீடு வைத்திருக்கின்றன. ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு விண்ணப்பம், ஒரு விதிமுறை, ஒரு அறிக்கை, ஒரு தணிக்கை. சிறு நிறுவனம் ஒன்றின் இயக்குநர் தன் நேரத்தில் பெரும் பங்கைப் பிள்ளைகளிடம் செலவிடாமல் இந்தக் காகிதங்களில் செலவிடுவதற்கு இதுவே காரணம்.

இனி, பயன் என்ன என்ற கேள்விக்கு வருவோம். இந்தத் திட்டத்தைப் பற்றி நம்பத்தகுந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் 75 யூத்பில்ட் மையங்களில், 3,929 இளைஞர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் திட்டத்தில் இடம் கொடுத்து, மற்றக் குழுவுக்குக் கொடுக்காமல், நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. சேர்க்கை நடந்தது 2011இலிருந்து 2013 தொடக்கம் வரை. இறுதி அறிக்கை 2018இல் வெளிவந்தது. இடம் பெற்றவர்களில் உயர்நிலைப் பள்ளிக்கு இணையான சான்றிதழ் பெற்றவர்கள் கூடினார்கள். கல்லூரியில் சேர்ந்தவர்களும் கூடினார்கள். ஆனால் பட்டம்வரை போனவர்கள் மிகக் குறைவு. நேரில் கேட்டபோது வேலையும் ஊதியமும் கொஞ்சம் உயர்ந்ததாகத் தெரிந்தது. வேலையின்மைக் காப்பீட்டுக்காக முதலாளிகள் அரசுக்குக் கொடுக்கும் பதிவேடுகளில் பார்த்தபோது அந்த உயர்வு தெரியவில்லை. குற்ற வழக்குகளில் சிக்குவது குறைந்ததாகவும் தெளிவாகத் தெரியவில்லை. ஒருவருக்குச் சராசரிச் செலவு 24,500 டாலரை ஒட்டி. நான்கு ஆண்டு முடிவில் பயன் அந்தச் செலவை எட்டவில்லை.

திட்டத்தின் ஆதரவாளர்கள் இந்த முடிவுகளைப் பூசி மெழுகத் தேவையில்லை. எதிர்ப்பாளர்களும் இதை இறுதித் தீர்ப்பாக எடுக்கத் தேவையில்லை. சில விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவது, காலம். அமெரிக்கக் கட்டுமானத் துறை 2006, 2007 அளவில் ஏறத்தாழ 77 லட்சம் பேருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தது. வீட்டுச் சந்தை சரிந்தபின் 2010, 2011இல் அது 55 லட்சம் அளவுக்குச் சுருங்கியது. இருபது ஆண்டு அனுபவமுள்ள தச்சர்களே வேலையில்லாமல் நின்ற அந்த நாட்களில்தான் ஆய்வுக்குரிய இளைஞர்கள் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். வேறு ஒரு காலத்தில் இதே பயிற்சிக்கு வேறு விளைவு இருந்திருக்கக்கூடும். இரண்டாவது, பதிவேடு. கட்டடத் தொழிலில் ரொக்கக் கூலியும், சொந்தப் பொறுப்பில் ஒப்பந்தம் எடுப்பதும் மிகுதி. அந்த வருமானம் வேலையின்மைக் காப்பீட்டுப் பதிவேட்டில் ஏறாது. பேட்டியில் தெரிந்த உயர்வு பதிவேட்டில் தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று சொல்வதற்கில்லை. மூன்றாவது, இடம் கிடைக்காத குழுவினரும் சும்மா இருக்கவில்லை. வேறு வகுப்புகளையும் பயிற்சிகளையும் தேடிப் போனவர்கள் அவர்களில் உண்டு. ஆகவே ஆய்வு ஒப்பிட்டது யூத்பில்டையும் வெறுமையையும் அல்ல, யூத்பில்டையும் பிற உதவிகளையும்.

இவற்றையெல்லாம் ஒதுக்கிவைத்தாலும் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது வேறொன்று. அந்த 24,500 டாலரை எதோடு ஒப்பிடுகிறோம்? 2012 அளவில் அமெரிக்கப் பொதுப் பள்ளிகள் ஒரு மாணவருக்கு ஆண்டுக்குச் சராசரியாகச் செலவிட்டது சுமார் 10,600 டாலர். பதினாறு வயதில் ஒருவர் பள்ளியை விட்டுப் போனால், அவர் படித்திருக்க வேண்டிய மீதி இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கான பணத்தை அவருக்காகச் செலவிடும் கடமை அரசுக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. யூத்பில்டின் செலவு, பள்ளியில் இருந்திருந்தால் அவருக்கு இரண்டேகால் ஆண்டில் ஆகியிருக்கும் செலவைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதில் படிப்பு மட்டுமல்லாமல் தொழிற்பயிற்சியும் உதவித்தொகையும் அடங்கும். சாதாரண உயர்நிலைப் பள்ளியை, நான்கு ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பி வந்ததா என்று எவரும் அளப்பதில்லை. இடைநின்றவர் திரும்பி வரும்போது மட்டும் அவருடைய படிப்பு முதலீடாகி, வட்டிக் கணக்குப் பார்க்கப்படுகிறது. வேறு எவருக்கும் உரிமையாகக் கொடுத்ததை இவருக்குச் சலுகையாகக் கணக்கிடுகிறோம்.

கிளைவ் பெல்ஃபீல்டும் ஹென்றி லெவினும் ரேச்சல் ரோசனும் 2012இல் வெளியிட்ட ஒரு மதிப்பீடு, படிப்பிலும் வேலையிலும் இல்லாத ஓர் இளைஞரால் வரி செலுத்துவோருக்கு ஆண்டுக்கு 13,900 டாலர் சுமை என்று கணக்கிட்டது: கிடைக்காமல் போகும் வரி, சிறை, மருத்துவம், உதவித்தொகை ஆகியவற்றின் கூட்டுத்தொகை அது. இத்தகைய மதிப்பீடுகளில் அனுமானங்கள் அதிகம். அந்தச் சுமை முழுவதையும் ஒரு பயிற்சித் திட்டம் நீக்கிவிடும் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் ஒரு செலவு இருக்கிறது, அது எந்தத் துறையின் வரவுசெலவுத் திட்டத்திலும் தனி வரியாக எழுதப்படுவதில்லை என்பதை நினைவூட்ட இந்த எண் உதவும்.

சான்றிதழைப் பற்றியும் ஒரு சொல். ஜிஇடி என்ற இணைத்தேர்வில் தேறியவர்கள் வேலைச் சந்தையில், பள்ளியை முடித்தவர்களைப் போல இல்லாமல், இடைநின்றவர்களின் நிலைமைக்கு அருகிலேயே நிற்கிறார்கள் என்பதைப் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் 1990களிலிருந்து காட்டிவந்திருக்கிறார். தேர்வில் தேறும் அறிவு இருப்பது ஒன்று, நாள் தவறாமல் வருவதும் தொடங்கியதை முடிப்பதும் வேறொன்று. முதலாளிகள் தேடுவது இரண்டாவதையும்தான். யூத்பில்டில் காலை ஏழு மணிக்கு வேலையிடத்தில் நிற்க வேண்டும் என்ற ஒழுங்கு இந்த இடத்தில்தான் மதிப்புப் பெறுகிறது. அதை வளர்ப்பது ஆசிரியரோ பாடமோ மட்டும் அல்ல. பிள்ளை வராத நாளில் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கும் ஆலோசகர். நிதி சுருங்கும்போது முதலில் குறைக்கப்படுவது அந்த ஆலோசகரின் இடம், ஏனென்றால் அவர் செய்த வேலைக்கு எந்த அறிக்கையிலும் கட்டம் கிடையாது.

அறிக்கைகளின் கட்டங்கள் வேறு ஒரு தீமையையும் செய்கின்றன. பயிற்சி முடிந்த இரண்டாவது காலாண்டிலும் நான்காவது காலாண்டிலும் வேலையிலோ படிப்பிலோ இருந்தவர் விகிதம், சான்றிதழ் விகிதம், சராசரி ஊதியம் ஆகியவற்றைக் கொண்டு நிறுவனங்கள் மதிப்பிடப்படுகின்றன. அடுத்த மானியப் போட்டியில் அந்த மதிப்பெண் பேசும். மையங்கள் பெரும்பாலும் முறையான சேர்க்கைக்கு முன் சில நாள் முதல் சில வாரம் வரை மன உறுதிப் பயிற்சி என்று ஒன்றை நடத்துகின்றன. அதிகாலையில் வருவது, உடற்பயிற்சி, குழுவேலை என்று போகும் அந்த நாட்களில் தாக்குப்பிடிக்காதவர் சேர்க்கைக் கணக்கில் வரமாட்டார். அந்தப் பயிற்சியின் நோக்கம் நல்லது. குழுவாக ஒன்றுபடவும், தானே முடிவெடுத்துச் சேரவும் அது வழிசெய்கிறது. ஆனால் எண்களால் மட்டும் அளக்கப்படும் நிறுவனத்துக்கு, தேறக்கூடியவர்களை மட்டும் சலித்து எடுக்கும் சல்லடையாகவும் அது பயன்பட்டுவிடக்கூடும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத இளம் தாய், பகலில் நீதிமன்றத்துக்கு ஓடவேண்டியவர், தங்க இடமில்லாமல் நண்பர் வீட்டுச் சோபாவில் படுப்பவர் ஆகியோர்தான் முதல் வாரத்திலேயே கழன்று போவார்கள். திட்டம் யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்களே விளிம்புக்குத் தள்ளப்படும் அபாயத்தை நிதியின் விதிகளே உண்டாக்குகின்றன.

இதற்கு மாற்றாக, பள்ளிப் பணம் பிள்ளையின் பின்னால் போகட்டும் என்ற வழியைச் சில மாநிலங்கள் சோதித்துப் பார்த்திருக்கின்றன. அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தின்கீழ் இயங்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கான சட்டத்தைப் பென்சில்வேனியா 1997இல் இயற்றிய பின், 1992இலிருந்து ஃபிலடெல்ஃபியாவில் இயங்கிவந்த யூத்பில்ட் மையம் சார்ட்டர் பள்ளியாக மாறியது. அங்கே சேரும் மாணவருக்குப் பொதுப் பள்ளி மாணவருக்குரிய தொகை கிடைக்கிறது. கிடைப்பதும் இணைச் சான்றிதழ் அல்ல, உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழே. கூட்டாட்சி மானியம் அதன்மேல் கூடுதலாக அமர்கிறது. வாஷிங்டன் மாநிலம் 2010இல் இன்னும் பொதுவான ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. ஓப்பன் டோர்ஸ் என்று அழைக்கப்படும் அந்த ஏற்பாட்டின்படி, 16 முதல் 21 வயது வரை உள்ள இடைநின்ற மாணவருக்கு மாநிலத்தின் அடிப்படைக் கல்வி நிதியைப் பள்ளி மாவட்டம், அதாவது உள்ளூர்ப் பள்ளிகளின் நிர்வாகம், பெற்று, கல்லூரிக்கோ சமூக அமைப்புக்கோ கொடுத்து, அவர்கள் மூலம் படிப்பைத் தொடரச் செய்யலாம். ஆண்டு முழுவதற்குமாக அல்லாமல் மாதந்தோறும் வருகையையும், படிப்பில் முன்னேற்றத்தையும் கணக்கிட்டுப் பணம் கொடுக்கப்படுகிறது. மாணவரைத் தனிப்பட்ட முறையில் கவனித்துக்கொள்ளும் ஆலோசகரின் பணியும் அந்தச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. மேலே நான் குறைப்பட்டுக்கொண்ட அந்தக் கட்டம், இங்கே எழுதப்பட்டிருக்கிறது.

இந்த வழியிலும் குறைகள் உண்டு. பள்ளி நிதிக்கு 21 வயது எல்லை. யூத்பில்டின் எல்லை 24. பள்ளி நிதியில் மரம் வாங்க முடியாது, வேலையிட உதவித்தொகை கொடுக்க முடியாது. வருகையை ஒட்டிப் பணம் என்றால், வருகை தவறும் பிள்ளைகளைக் கொண்ட பள்ளிக்கு எப்போதும் குறைவாகவே கிடைக்கும். ஆகவே பள்ளிப் பணத்தை அடித்தளமாகவும், தொழிலாளர் துறை மானியத்தைத் தொழிற்பயிற்சிக்கும் உதவித்தொகைக்கும், வீட்டுவசதிப் பணத்தைக் கட்டும் வீட்டுக்குமாகப் பிரித்துப் பொறுப்பாக்குவதே பொருத்தமாகப் படுகிறது. இன்றைக்கு இது கெட்டிக்கார இயக்குநர்கள் உள்ள மையங்களில் தற்செயலாக நடக்கிறது. சட்டத்தின் அமைப்பில் இல்லை.

2025இல் அமெரிக்க அரசு முன்வைத்த வரவுசெலவுத் திட்டம் இதற்கு நேரெதிரான திசையில் போகிறது. யூத்பில்ட் உள்ளிட்ட பல தொழிற்பயிற்சித் திட்டங்களைக் கலைத்து, ஒரே மொத்த மானியமாக மாநிலங்களிடம் கொடுத்துவிடலாம் என்பது அந்த முன்மொழிவு. தொழில்பழகுநர் பயிற்சிக்குக் குறைந்தது பத்தில் ஒரு பங்கு என்பது அதில் வைக்கப்பட்ட நிபந்தனை. மாநிலங்களுக்குச் சுதந்திரம் கிடைக்கும் என்பது ஆதரவாளர்களின் வாதம். வாஷிங்டன் மாநிலத்தின் அனுபவத்தைப் பார்த்தால், அந்தச் சுதந்திரத்தை நன்றாகப் பயன்படுத்தும் மாநிலங்கள் இருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மொத்த மானியம் என்று வந்துவிட்டால், வேலை இழந்த நடுவயதுத் தொழிலாளரும் பள்ளியை விட்ட பதினேழு வயதுக்காரரும் ஒரே பணத்துக்குப் போட்டியிட வேண்டியிருக்கும். நடுவயதுக்காரருக்குச் சில மாதப் பயிற்சி போதும், வேலையில் அமரும் விகிதமும் விரைவில் தெரியும். பதினேழு வயதுக்காரருக்கு இரண்டு ஆண்டு வேண்டும். பதிவுசெய்த தொழில்பழகுநர் பயிற்சிகளில் பெரும்பாலானவை சேரும்போதே உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழையோ அதற்கு இணையானதையோ கேட்பவை என்பதால், அதற்கென ஒதுக்கிய பங்கும் இவரிடம் நேராக வந்து சேராது. ஃபிலடெல்ஃபியாவைப் போலப் பள்ளி நிதியில் கால் ஊன்றிய மையங்கள் இந்த மாற்றத்தைத் தாங்கி நிற்கும். கூட்டாட்சி மானியத்தை மட்டும் நம்பி, சார்ட்டர் சட்டமோ மாநில ஒதுக்கீடோ இல்லாத சிற்றூர்களிலும் பழங்குடிப் பகுதிகளிலும் இயங்கும் மையங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.